காதுகுத்துக்குப் பையனைக் கூட்டிப் போவதா, வீட்டில் விட்டுப் போவதா?

வைகைக்கரை அம்மா | ஞாயிறு, இரவு 10.50

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். இன்றைக்கு மனசு தாங்காமல் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு 9 வயது. ஆட்டிசம். மூன்றரை வயதில் தெரிந்தது. இருபது முப்பது வார்த்தை பேசுவான். ஆனால் அவசரத்துக்கு வாயில் வருவது "தண்ணி", "வேணாம்", "போலாம்" மூன்றும்தான். அவனுக்குக் கீழே ஒரு தங்கை, 6 வயது. மதுரையில் இருக்கிறோம்.

அடுத்த மாதம் என் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. உசிலம்பட்டிப் பக்கம், அவர்கள் வீட்டுக் குலசாமி கோயிலில். மொட்டை, காதுகுத்து, கிடா விருந்து எல்லாம் ஒரே நாளில். என் கணவர்தான் தாய்மாமன். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். சீர்த்தட்டு எடுத்துக்கொண்டு மேளத்தோடு போகும்போது முன்னால் நான் நிற்க வேண்டும். சாக்குச் சொல்லித் தப்பிக்கிற விசேஷம் இல்லை இது.

நேற்று மாமியார் போன் செய்தார். "அவனைப் பக்கத்து வீட்டில் யாரிடமாவது விட்டுட்டு வாம்மா. மேளச்சத்தம் அவனுக்கும் கஷ்டம், உனக்கும் கஷ்டம்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் போனை வைத்ததும் அடுப்படியில் நின்று அழுதேன்.

காரணம், 14 மாதம் முன்னால் நடந்த ஒரு கல்யாணம். கெட்டிமேளம் கொட்டியதும் காதைப் பொத்திக்கொண்டு நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டான். எப்படியோ சமாதானம் செய்து பந்தியில் உட்கார வைத்தேன். அப்பளம் நொறுங்கும் சத்தம் அவனுக்கு உயிர். பக்கத்து இலை அப்பளத்தை எடுத்துவிட்டான். அந்த அம்மா இலையைத் தள்ளி வைத்துக்கொண்டு, "பிள்ளையை இப்படியா வளர்ப்பீங்க" என்றார். சாப்பிடாமலே எழுந்து வந்துவிட்டோம். ஆட்டோவில் வரும்போது மகள், "அம்மா, பாயாசம் எப்போ?" என்று கேட்டாள். அதற்கப்புறம் ஒரு விசேஷத்துக்கும் நாங்கள் போகவில்லை.

கூட்டிப் போவதா, விட்டுப் போவதா? இந்த நிலையில் நீங்கள் என்ன செய்தீர்கள்?

---

மல்லிகை | ஞாயிறு, இரவு 11.20

அக்கா, என்னிடம் பதில் இல்லை. என் பாப்பாவுக்கு 3 வயது, போன மாதம்தான் டாக்டர் சொன்னார். ஆட்டோவில் உங்கள் மகள் கேட்டதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. பெரியவர்கள் சொல்வதைப் படிக்க உட்கார்ந்திருக்கிறேன்.

---

நொய்யல் | திங்கள், காலை 6.15

சகோதரி, கூட்டிப் போங்கள். ஆனால் மற்றவர்கள் கிளம்புவது போலக் கிளம்பாதீர்கள்.

என் மகளுக்கு 13 வயது. மூளை முடக்குவாதம், வீல்சேர். எங்களுக்கு மேளம் பிரச்சினை இல்லை, படிக்கட்டுதான் பிரச்சினை. மண்டபத்துக்கு எட்டு படி இருந்தால் நாலு பேர் ஓடிவந்து நாற்காலியோடு தூக்குவார்கள். நல்ல மனசுதான். ஆனால் அவளுக்கு அது பிடிக்காது. டேப்லட்டில் ஆவாஸ் என்று ஒரு செயலி வைத்திருக்கிறாள், சென்னையில் உருவானது, தமிழிலும் இருக்கிறது. படத்தைத் தொட்டால் அவளுக்காக அது பேசும். ஒரு கல்யாணத்தில் தூக்கி இறக்கியதும் அவள் தட்டியது: "நான் மூட்டை இல்லை." அன்றைக்கே ஆசாரியிடம் சொல்லி இரண்டு பலகை செய்து வண்டியில் போட்டேன். இப்போது எங்கே போனாலும் பலகையும் எங்களோடு வரும். எங்கள் ஊர் மண்டபத்துக்காரர் மூன்று முறை அந்தப் பலகையைப் பார்த்தார். நாலாவது முறை போனபோது சிமெண்டில் சரிவு கட்டி வைத்திருந்தார். நான் அவரிடம் வாய் திறந்து கேட்கவே இல்லை.

உங்களுக்கு நான் சொல்ல வருவது வேறு. சொந்தக்காரர்களிடம் "கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று சொல்லாதீர்கள். சரி சரி என்பார்கள், ஒருவரும் பார்க்க மாட்டார்கள். எதைப் பார்ப்பது என்று அவர்களுக்குத் தெரியாது. "9 மணியிலிருந்து 9.30 வரை நீ இவனோடு அந்த வேப்பமரத்தடியில் நில்லு. கை பிடிக்க வேண்டாம், கண்ணில் இருந்தால் போதும். போலாம் என்று சொன்னால் வண்டிக்குக் கூட்டி வா" என்று சொல்லிப் பாருங்கள். கல்லூரி படிக்கிற பையன்கூட அழகாகச் செய்வான். மனுசங்க கெட்டவங்க இல்லை, வேலையைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

---

அமைதி | திங்கள், காலை 9.40

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன். யாரும் கோபப்படாதீர்கள்.

என் மகளுக்கு 16 வயது, ஆட்டிசம். ஐந்து வருடம் எல்லா விசேஷத்துக்கும் இழுத்துக்கொண்டு போனேன். "ஒதுக்கி வைக்கக் கூடாது, பழகினால் சரியாகிவிடும்" என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு விசேஷம் முடிந்தும் மூன்று ராத்திரி அவள் தூங்க மாட்டாள். கையைக் கடித்துக் கடித்து இன்னும் தழும்பு இருக்கிறது. ஒருநாள் நல்ல பாவாடையை எடுத்து வைத்தேன். அதைப் பார்த்ததுமே நடுங்க ஆரம்பித்துவிட்டாள். துணியைப் பார்த்து நடுக்கம். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, நான் போனது அவளுக்காக இல்லை. ஊர் முன்னால் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று எனக்காகப் போயிருக்கிறேன்.

இப்போது அவளுக்குப் பிடித்த ஆட்கள் இரண்டு இரண்டு பேராக எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அதுவும் உறவுதான். பந்தியில் உட்கார்ந்தால்தான் சொந்தமா?

கூட்டிப் போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. போனால், எந்த நிமிடமும் கிளம்பிவர ஒரு வழி கையில் இருக்கட்டும். வண்டி உங்களோடு வர வேண்டும், சாவி உங்கள் இடுப்பில் இருக்க வேண்டும். அவன் "போலாம்" என்று சொன்னால், காது குத்துகிற நேரமே ஆனாலும், அந்த வார்த்தைக்கு மரியாதை கொடுங்கள். அவசரத்துக்கு அவனிடம் இருப்பதே மூன்று வார்த்தை. அதில் ஒன்றை நாமே வீணாக்கக் கூடாது.

---

நொய்யல் | திங்கள், பகல் 1.05

அமைதி அம்மா, கடைசி வரி என்னைப் பிடித்து உலுக்கிவிட்டது. என் மகளுக்குக் கூட்டம் பிடிக்கும், அதனால் எனக்குக் கூட்டிப் போங்கள் என்று எளிதாகச் சொல்ல வருகிறது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். 2022 நவம்பரில் மெரினாவில் கடல் பக்கம் வரைக்கும் வீல்சேர் போக மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள். நாங்கள் போனது அதற்கப்புறம். முதன்முதலாகக் கடல் தண்ணீர் இவள் காலில் பட்டபோது பக்கத்தில் முன்பின் தெரியாத இரண்டு குடும்பம் நின்று கைதட்டியது. அந்தக் கைதட்டல் இவளுக்கு எவ்வளவு பிடித்தது என்பதைப் பார்த்தவன் நான். வெளியே போகாமல் இருந்தால் நல்ல மனிதர்களையும் சேர்த்தே இழக்கிறோம்.

---

தேனி டீச்சர் | திங்கள், இரவு 8.30

அரசுப் பள்ளிகளுக்கான வட்டார வள மையத்தில் 11 வருடமாகச் சிறப்பாசிரியராக இருக்கிறேன். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். நான் வேலையைச் சொல்கிறேன். உங்கள் கையில் நாலு வாரம் இருக்கிறது, அது போதும்.

முதலில் தண்ணீர். உசிலம்பட்டிப் பக்கம் குலசாமி கோயில் என்றால் பெரும்பாலும் கண்மாய்க் கரையில்தான் இருக்கும். கிணறும் இருக்கலாம். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குத் தண்ணீர் மேல் ஒரு ஈர்ப்பு உண்டு. கூட்டமும் சத்தமும் தாங்காமல் ஓடும்போது நேராக அங்கேதான் போவார்கள். உங்கள் பையன் அவசரத்துக்குச் சொல்லும் மூன்று வார்த்தையில் ஒன்று "தண்ணி" என்பதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். அதனால் கண்மாய் பக்கம் ஒரு ஆள் நிற்க வேண்டும். வேறு எந்த வேலையும் அவருக்குக் கொடுக்காதீர்கள். பையனின் சட்டை உள்பக்கத்தில், பின்கழுத்துக்குக் கீழே, உங்கள் இரண்டு பேர் செல் நம்பரையும் துணியில் எழுதித் தைத்துவிடுங்கள்.

அப்புறம் சத்தம். செல்போனில் மேளச்சத்தம் ஓட விடுங்கள், காதுக்கு எட்டியும் எட்டாத அளவில், தினமும் இரண்டு நிமிடம், அவனுக்குப் பிடித்த எதையாவது செய்யும் நேரத்தில். நாலைந்து நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டுங்கள். முகம் சுளித்தால் பழைய அளவுக்கே திரும்பிவிடுங்கள். பட்டறையில் வேலை செய்கிறவர்கள் இரண்டு காதையும் மூடி மாட்டிக்கொள்வார்களே, இயர் மஃப், அதில் சின்ன அளவு கிடைக்கும். அன்றைக்குப் புதுசாக மாட்டினால் பிடுங்கி எறிவான். இன்றிலிருந்தே வீட்டில் மாட்டிப் பழக்குங்கள்.

மூன்றாவது, படம். முடிந்தால் ஒரு ஞாயிறு போய்க் கோயிலை, மரத்தை, சாப்பாட்டுப் பந்தலை, அத்தை வீட்டைப் படம் எடுத்து வாருங்கள். ஏழெட்டுப் படம் ஒட்டி ஒரு குட்டி நோட்டு. கடைசிப் படம் உங்கள் வீட்டு வாசல். தினமும் தூங்கும் முன்னால் அதைப் புரட்டுங்கள். எப்போது முடியும் என்று தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். நமக்கும் அப்படித்தானே.

ஒன்றை எல்லோருக்குமாகச் சொல்கிறேன். அடம் வேறு, மெல்ட்டவுன் வேறு. மெல்ட்டவுன் என்றால் தாங்க முடியாமல் உடைந்துபோவது. அடம் பிடிக்கிற பிள்ளை பெரும்பாலும் ஓரக்கண்ணால் நம்மைப் பார்த்துக்கொண்டே அழும். மெல்ட்டவுனில் இருக்கிற பிள்ளைக்கு நாம் பக்கத்தில் இருப்பதே தெரியாது. அந்த நேரத்தில் திட்டுவதும் வேண்டாம், கொஞ்சுவதும் வேண்டாம். வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறைத்து, சும்மா பக்கத்தில் இருங்கள்.

---

தம்பியின் அக்கா | செவ்வாய், காலை 7.50

எல்லோரும் பையனைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் அந்த 6 வயசுக் குட்டியைப் பற்றிப் பேச வந்தேன்.

என் தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம். எனக்கும் அவனுக்கும் மூன்று வயது வித்தியாசம். என் சின்ன வயசு விசேஷம் எல்லாம் ஒரே மாதிரிதான் நினைவில் இருக்கிறது. மற்ற பிள்ளைகள் மண்டபத்தில் ஓடிப் பிடித்து விளையாடுவார்கள், நான் தம்பி கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "சமத்துப் பொண்ணு, தம்பியை எப்படிப் பார்த்துக்குது பாரு" என்று எல்லோரும் பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டை நம்பித்தான் நானும் நின்றேன். தம்பி என்றால் எனக்கு உயிர். இப்போதும் அவனும் நானும் தினமும் சாயங்காலம் டீக்கடைக்கு ஒன்றாக நடந்து போவோம், கடைக்காரரிடம் சில்லறையை எண்ணி வாங்குவது அவன்தான். ஆனால் எட்டு வயதில் எனக்கும் ஓட வேண்டும் என்று இருந்தது. கேட்கத் தெரியவில்லை.

அக்கா, அன்றைக்கு உங்கள் மகளுக்குக் காவல் வேலை கொடுக்காதீர்கள். அவள் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு ஓடட்டும். பாயாசம் குடிக்கட்டும்.

---

வைகைக்கரை அம்மா | செவ்வாய், இரவு 11.10

வேலை முடித்து இப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். தம்பியின் அக்கா எழுதியதைக் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை, எழுந்துபோய் மகளின் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தார்.

டீச்சர், கோயில் கண்மாய்க் கரையில்தான். இந்த வருடம் தண்ணீரும் கிடக்கிறது. நான் இதை யோசிக்கவே இல்லை. மேளத்தையும் ஊர் வாயையும் பற்றி மட்டும்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அமைதி அம்மா சொன்னதும் உண்மை. எனக்கும் ஊர் முன்னால் நிற்கவேண்டும் என்ற ஆசை உள்ளே இருக்கிறது. ஆனால் அவன் அத்தை மேல் உயிராக இருப்பவன். அத்தை வந்தால் வாசலில் செருப்பைப் பார்த்ததுமே குதிப்பான். அதனால் கூட்டிப் போவது என்று முடிவு செய்திருக்கிறோம். ஒரு வேன் பேசி, நாள் முழுக்க அங்கேயே நிறுத்தி வைக்கப் போகிறோம்.

---

பொன்மலைத் தாத்தா | புதன், காலை 5.30

வாழ்க வளமுடன். எனக்கு 68 வயது. திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் இருந்து ஓய்வு பெற்றவன். டீச்சரம்மா சொன்ன அந்தக் காதுமூடியை வருடக்கணக்கில் மாட்டியிருக்கிறேன். நல்ல பொருள். ஆனால் வெயிலில் காது வியர்க்கும், அரை மணிக்கு ஒருதரம் கழற்றித் துடைத்துவிடுங்கள்.

என் பேரனுக்கு 19 வயது. ஆட்டிசம். மாமியாரைப் பற்றி நீங்கள் எழுதியது என் மனைவி சொன்னது போலவே இருந்தது. நாங்கள் வளர்ந்த காலத்தில் இப்படிப் பிள்ளைகளைக் கூட்டத்துக்குக் கூட்டிவந்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்குள்ளேதான் இருப்பார்கள். அதுதான் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று நாங்கள் நம்பினோம். தெரியாமல் நம்பியதை மாற்றிக்கொள்ளக் கொஞ்ச காலம் ஆகும்மா. அவரிடம் கோபப்படாமல் ஒரு வேலை கொடுங்கள்.

முடி வெட்டுவதைப் பற்றிச் சொல்கிறேன். பேரனுக்கு ஏழு வயது இருக்கும்போது சலூனுக்குப் போனால் போர்க்களம். மெஷின் சத்தம், கழுத்தில் விழும் முடி, கண்ணாடியில் தெரியும் ஆட்கள். இரண்டு கடையில் "இனிமேல் கூட்டி வராதீங்க ஐயா" என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது கடைத் தம்பி மட்டும், "செவ்வாய்க்கிழமை வாங்க" என்றார். செவ்வாய் அவருக்கு விடுமுறை. போனோம். ஷட்டரைப் பாதி இறக்கி, மின்விசிறியை மட்டும் போட்டு வைத்திருந்தார். முதல் வாரம் பேரன் அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிவிட்டு வந்தான், அவ்வளவுதான். அடுத்த வாரம் சீப்பு. அதற்கடுத்த வாரம் அணைத்து வைத்த மெஷினைக் கையில் கொடுத்தார். ஐந்தாவது செவ்வாய்தான் கத்திரி பட்டது, அதுவும் பின்னங்கழுத்தில் ஒரு பக்கம் மட்டும். நாலு வாரமும் காசு வாங்கவில்லை. இன்றைக்கும் செவ்வாய்க்கிழமைதான் போகிறோம். இப்போது அவர் மகனும் கடையில் நிற்கிறான், அவனுக்கும் பேரனிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தெரியும்.

தெருவில் எல்லோரிடமும் நானே போய்ச் சொன்னேன். பால்காரர், டீக்கடை, ரேஷன் கடை அம்மா, கோயில் குருக்கள். "இவன் என் பேரன். பேச்சு குறைவு. தனியாக வந்தால் இந்த நம்பருக்குப் போன் போடுங்க." இவ்வளவுதான் சொன்னேன். 12 வயதில் ஒருமுறை கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான். 20 நிமிடத்தில் டீக்கடையில் இருந்து போன் வந்தது. பெஞ்சில் உட்கார வைத்து பன் கொடுத்திருந்தார்கள்.

---

மல்லிகை | புதன், காலை 10.15

தாத்தா, படித்துக்கொண்டே பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் முதன்முறையாகப் பாப்பாவைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு மாதமாக மறைத்து வைத்திருந்தேன்.

சான்றிதழ், அட்டை என்று எல்லோரும் சொல்கிறார்களே, எனக்கு ஒன்றுமே புரியவில்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும்?

---

பொன்மலைத் தாத்தா | புதன், பகல் 12.40

மிகவும் நல்ல காரியம் செய்தாய் அம்மா.

நான் அலைந்த வரிசையிலேயே சொல்கிறேன். பேரனுக்கு 2012-இல் சான்றிதழ் வாங்கினோம். அப்போது 1995-ஆம் வருடச் சட்டம்தான், அதில் ஏழு வகை இயலாமை மட்டுமே. ஆட்டிசம் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் மனவளர்ச்சி குன்றியவர் என்று எழுதிக் கொடுத்தார்கள். 2016 சட்டத்தில் 21 வகை ஆனது, ஆட்டிசமும் சேர்ந்தது. 2017-இல் அது நடைமுறைக்கு வந்தபின் மறுபடி போய் மாற்றினோம். உனக்கு அந்த அலைச்சல் இல்லை. அரசு மருத்துவக் குழு மதிப்பீடு செய்து, 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று எழுதினால் பெரும்பாலான உதவிகள் கிடைக்கும். யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையத்தில் பதியலாம். அந்த அட்டை இந்தியா முழுக்கச் செல்லும்.

அப்புறம் நிராமயா என்கிற மருத்துவக் காப்பீடு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு நாலுக்கும் உண்டு. வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. முன்கூட்டி மருத்துவப் பரிசோதனை கேட்க மாட்டார்கள். தெரபி செலவுக்கும் அதில் இடம் உண்டு. ஒவ்வொரு பில்லையும் பத்திரமாக வை. ரயிலில், துணை இல்லாமல் போக முடியாத அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கும் கூட வருகிறவருக்கும் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் 75 சதவீதம் சலுகை.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைக்கு 18 முடிந்துவிட்டால் சட்டத்தின் கண்ணில் பெற்றோர்கூடத் தானாகப் பாதுகாவலர் இல்லை. இதை எங்களுக்கு யாருமே சொல்லவில்லை, வங்கியில் போய் நின்றபோதுதான் தெரிந்தது. 1999-ஆம் வருடத் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையில் இருக்கும் குழுவிடம் விண்ணப்பித்து என் மகனையும் மருமகளையும் சட்டப் பாதுகாவலராக நியமிக்க வைத்தோம். 17 வயதிலேயே தாள்களைத் தயார் செய்யத் தொடங்குங்கள்.

---

தேனி டீச்சர் | புதன், மாலை 6.20

தாத்தா சொன்னதோடு: மல்லிகை, 3 வயது என்பது பொன்னான வயது. சான்றிதழுக்காகக் காத்திருக்காதீர்கள். உங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாவட்ட இடையீட்டுச் சேவை மையம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பேச்சுப் பயிற்சி, பிசியோ, ஓ.டி. என்கிற அன்றாடச் செயல் பயிற்சி எல்லாம் ஒரே கூரைக்குள், கட்டணம் இல்லை. அறிவுசார் குறைபாடும் இருப்பதாக எழுதினால் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். 1,500 ஆக இருந்ததை 2023 ஜனவரியில் 2,000 ஆக்கினார்கள். பெரிய தொகை இல்லை. ஆனால் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பிள்ளைக்கும் துணைக்கும் டிக்கெட் இல்லை, அந்தக் காசு மற்ற செலவுக்கு ஆகும்.

---

வைகைக்கரை அம்மா | ஐந்து வாரம் கழித்து, திங்கள், இரவு 9.45

போய்விட்டு வந்துவிட்டோம். உங்கள் எல்லோருக்கும் முழுசாகச் சொல்ல வேண்டும்.

பத்து நாள் முன்னால் குடும்ப வாட்ஸப் குழுவில் நான் போட்டதை அப்படியே தருகிறேன். எழுத இரண்டு ராத்திரி ஆயிற்று:

"அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகன் காதுகுத்துக்கு வருகிறான். அவனுக்கு ஆட்டிசம். சத்தம் அவனுக்கு வலி மாதிரி. காதில் பெரிய மூடி மாட்டியிருப்பான், கழற்றச் சொல்லாதீர்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் போகலாம், அது மரியாதைக் குறைவு இல்லை. அவன் பின்னால் ஓடாதீர்கள், எனக்குக் குரல் கொடுங்கள். பக்கத்தில் வந்து சும்மா உட்கார்ந்தால் அவனுக்கு ரொம்பப் பிடிக்கும்."

போட்டுவிட்டுச் செல்லைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஒரு மணி நேரம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் சின்ன மாமனார், "நான் எத்தனை மணிக்கு நிற்கணும்?" என்று கேட்டிருந்தார். பின்னாலேயே ஆறு பேர். கொழுந்தன் மகன் கல்லூரி இரண்டாம் வருடம். அவன், "கண்மாய் பக்கம் நான் பெரியம்மா, நாள் பூரா" என்று எழுதினான்.

முந்தின நாள் சாயங்காலமே போனோம். கோயிலில் யாரும் இல்லை. வாசலில் பெரிய மண்குதிரைகள். நோட்டில் தினமும் பார்த்த குதிரைதான். ஒரு நிமிடம் படத்தைப் பார்த்தான், குதிரையைப் பார்த்தான். அப்புறம் அதன் கழுத்து வரிகளில் விரலை வைத்துத் தடவிக்கொண்டே நின்றான். இருட்டும் வரைக்கும் அங்கிருந்து நகரவில்லை.

மறுநாள் காலை சீர் எடுத்துப் போகும்போது நான் தட்டோடு முன்னால் நடந்தேன். அவன் காதுமூடியோடு சின்ன மாமனார் கூட மரத்தடியில் நின்றான். மேளம் எங்களைத் தாண்டிப் போயிற்று. அவன் ஓடவில்லை. எனக்குக் கை நடுங்கியதில் தட்டிலிருந்த ஆப்பிள் ஒன்று உருண்டு விழுந்துவிட்டது.

ஆனால் எல்லாம் நல்லபடியாக நடக்கவில்லை. வெடி வேண்டாம் என்று நாத்தனார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பங்காளி வீட்டில் யாருக்கோ அந்தச் செய்தி போகவில்லை. பிள்ளையை என் கணவர் மடியில் உட்கார வைக்கும்போது சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். காதுமூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினான். டீச்சர், நேராகக் கண்மாய்ப் பக்கம். கொழுந்தன் மகன் கரையில் நின்றான். துரத்தவில்லை, சொல்லிக் கொடுத்த மாதிரி குறுக்கே கை விரித்து உட்கார்ந்துவிட்டான். இவன் அவனைத் தாண்டவில்லை. அங்கேயே மண்ணில் விழுந்து கத்தினான். நான் போய்ச் சேர்ந்தபோது "போலாம் போலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அமைதி அம்மா, சாவி என் இடுப்பில்தான் இருந்தது. வேனுக்குள் கொண்டுபோய்க் கண்ணாடியை ஏற்றி, துணியைப் போட்டு மறைத்து, 40 நிமிடம் உட்கார்ந்திருந்தோம். காது குத்தியதை நான் பார்க்கவில்லை. போட்டோவில்தான் பார்த்தேன். அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

வேன் கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். மாமியார். உள்ளே வராமல் படியில் உட்கார்ந்துகொண்டார். மடியில் ஒரு எவர்சில்வர் டப்பா. கிடா விருந்தில் அப்பளம் இருக்காது என்று காலையிலேயே வீட்டில் பொரித்து எடுத்து வந்திருக்கிறார். ஒவ்வொன்றாக நீட்டினார். அவனும் ஒவ்வொன்றாக வாங்கிக் காதுப் பக்கத்தில் வைத்து நொறுக்கிக் கேட்டான். பதினொன்று சாப்பிட்டான். எழுந்திருக்கும்போது, "அந்தக் காதுல மாட்டுறது இன்னொண்ணு கிடைக்குமா? நம்ம வீட்டுலயும் ஒண்ணு இருக்கட்டும்" என்றார்.

தம்பியின் அக்கா, என் மகள் அன்றைக்கு எங்கே இருந்தாள் என்றே எனக்குத் தெரியாது. முட்டியில் சிராய்ப்போடும் பாவாடை முழுக்க மண்ணோடும் சாயங்காலம்தான் வந்தாள்.

இன்னொரு விஷயம், உதவி வேண்டும். கிளம்பும்போது பக்கத்து ஊர் அம்மா ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, அவர் பேத்திக்கு 7 வயது, இன்னும் நடக்கவில்லை, வீட்டை விட்டு வெளியே கூட்டி வந்ததே இல்லை, பள்ளியில் பேரும் இல்லை, சான்றிதழும் இல்லை என்றார். என் பையனைக் கூட்டத்தில் பார்த்ததால்தான் கேட்கத் தோன்றியதாம். டீச்சர், அவரை எங்கே அனுப்புவது?

---

அமைதி | திங்கள், இரவு 10.05

நீங்கள் வேனுக்குள் போன இடத்தில் நான் அழுதுவிட்டேன். அவன் சொன்னான், நீங்கள் கேட்டீர்கள். அடுத்த முறையும் அவன் சொல்வான்.

---

தேனி டீச்சர் | திங்கள், இரவு 10.30

அந்தப் பாட்டியை எங்கேயும் அனுப்ப வேண்டாம், நாமே போகலாம். சட்டப்படி 6 முதல் 18 வயது வரை அந்தக் குழந்தைக்கு இலவசக் கல்வி உரிமை உண்டு, நடக்க முடிந்தாலும் முடியாவிட்டாலும். பக்கத்து அரசுப் பள்ளியில் பேரைச் சேர்த்துவிட்டால் வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியரும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வர வழி இருக்கிறது. எந்த ஒன்றியம், எந்த ஊர் என்று மட்டும் எனக்குத் தனிச்செய்தியில் சொல்லுங்கள். பாட்டியை ஆதார், பிறப்புச் சான்று, குழந்தையின் போட்டோ நாலு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பிறப்புச் சான்று இல்லை என்றால் அதற்காக நிற்க வேண்டாம், பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

---

நொய்யல் | செவ்வாய், காலை 6.00

வீல்சேர் என் மகள் பயன்படுத்திய சின்னது ஒன்று பரணில் இருக்கிறது. 7 வயசுக்குச் சரியாக இருக்கும். டீச்சர் பார்த்து அளவு சரி என்று சொன்னால் ஆம்னி பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். சக்கரம் இரண்டும் மாற்ற வேண்டும், இன்றைக்கே கடைக்குக் கொண்டு போகிறேன்.

---

வைகைக்கரை அம்மா | செவ்வாய், இரவு 8.15

பாட்டியிடம் பேசிவிட்டேன். தனிச்செய்தியில் பேசியபடி வியாழக்கிழமை நானும் வருகிறேன் டீச்சர். உசிலம்பட்டி பஸ் நிலையத்தில் காலை 10 மணிக்கு நிற்கிறேன். மகன் பள்ளிக்குப் போய்விடுவான், சாயங்காலம் 4 மணிக்குள் நான் திரும்ப வேண்டும். மாமியாரும் கூட வருகிறேன் என்கிறார், அந்தப் பாட்டியை அவருக்குத் தெரியுமாம்.